பெரியவர் என்னதான் சொன்னார்?

வெள்ளைக்காரனுக்குக் காகிதப் பைத்தியம். 1792-ல் திப்புவிடமிருந்து சேலமும் பாராமகாலும் கைக்கு வந்ததும், கேப்டன் ரீட், மன்றோ முதலான உதவியாட்களை ஏவி நிலத்தை அளந்து கணக்கெழுத வைத்தார். பத்தே வருஷத்தில் அந்தக் கணக்கை ஓரங்கட்டிவிட்டு, மாவட்டத்தை இருநூறு சொச்சம் மிட்டாக்களாக, அதாவது சின்னச் சின்ன ஜமீன்களாக நறுக்கி ஏலம் விட்டார்கள். எடுத்தவர்களில் பலர் கிஸ்தி கட்ட முடியாமல் மிட்டாவைப் பறிகொடுத்தார்கள். பங்கு போடும் ஆசை அத்தோடு தீரவில்லை. நாமக்கல் தாலுகாவையே 1910-ல் திருச்சிக்குத் தாரை வார்த்து, 1929-ல் சேலத்துக்குத் திரும்பப் பிடுங்கிக் கொடுத்தார்கள்.

புளியமரத்துக்குக்கூடப் பட்டா கேட்ட இந்தச் சர்க்கார், ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் இங்கே காகிதமே கேட்கவில்லை: உயில்.

1870-ல் வந்த இந்து உயில் சட்டம் நம் மாகாணத்தில் மெட்ராஸ் பட்டணத்துக்கு மட்டும்தான். அங்கே கையெழுத்து வேண்டும், இரண்டு சாட்சி வேண்டும். நாமக்கல் மாதிரி மொபசலில், போகப்போகிற மனுஷர் வாயைத் திறந்து சொன்னால் போதும், அதுவே உயில். 1926 டிசம்பர் முடியும்வரை இதுதான் நிலவரம்.

கூத்தை நினைத்துப் பாருங்கள். கயிற்றுக் கட்டிலில் கிடக்கும் பெரியவர் "தோ..." என்று ஆரம்பித்து இருமுகிறார். மூத்தவன் காதில் "தோட்டம் பெரியவனுக்கு" என்று விழுகிறது. இளையவனுக்கு அதே இருமலில் "தோட்டம் சின்னவனுக்கு". "தோப்பு மாப்பிள்ளைக்கு" என்று கேட்டதாக மாப்பிள்ளை குலதெய்வத்தின் மேல் சத்தியம் செய்கிறார். "தோளைப் பிடிச்சு எழுப்புடா"ன்னுதான் சொன்னார் என்ற வைத்தியரை எந்தக் கட்சியும் சாட்சிக் கூண்டில் ஏற்றாது. வாய்மொழி உயில் என்றால் பேசிய வார்த்தையை மிகத் துல்லியமாக நிரூபி என்று லண்டன் பிரிவி கவுன்சில் சொல்லிவிட்டது. வக்கீல்களுக்கு அறுவடைதான்.

சரி, பெரியவர் தெளிவாகவே சொன்னார் என்று வையுங்கள். பூர்வீகச் சொத்து அவர் பேச்சைக் கேட்காது. மிதாட்சர சாஸ்திரப்படி, பேரன் பிறந்து விழுந்த அன்றே பங்காளி. கூட்டுக்குடும்பத்தில் ஒருவர் கண்ணை மூடிய நொடியில் அவர் பங்கு மிச்சமிருக்கும் பங்காளிகளிடம் போய்ச் சேர்ந்துவிடும். உயில் மூச்சிரைக்க ஓடி வரும்போது கொடுக்க ஒன்றும் இருக்காது. 1874-ல் மெட்ராஸ் ஹைகோர்ட்டும் இதையே தீர்ப்பாகச் சொன்னது. ஊரையே மிரட்டி வைத்திருந்தவரால், தன் சொந்தச் சம்பாத்தியத்தை மட்டும்தான் இஷ்டப்படி எழுத முடிந்தது. என் கருத்தில், அவருக்கு இது வேண்டியதுதான்.

ஆகவே நிஜமான பாகப்பிரிவினை நாலு பெரிய மனுஷர் முன்னால், சீட்டுக் குலுக்கி நடந்தது. காட்டை வரப்புப் போட்டுப் பிரிக்கலாம், கிணற்றை என்ன செய்வது? நாள் கணக்கில் முறை வைத்தார்கள். அண்ணன் முறைக்கென்று ராவெல்லாம் ஊறிய தண்ணீரை, தம்பி கோழி கூப்பிடுமுன் மாட்டைக் கவலை ஏற்றத்தில் பூட்டி இறைத்துவிடுவான். அடுத்த கட்டம் முன்சீப் கோர்ட்டு.

எழுதி வைத்தவர்கள் மட்டும் என்ன வாழ்ந்தார்கள்? பச்சையப்ப முதலியார் 1794 மார்ச்சில் கோயில் தர்மங்களுக்கு முறையாக உயில் எழுதிவிட்டு, அந்த மாதமே போய்ச் சேர்ந்தார். சொந்தபந்தமும் கோர்ட்டுமாகப் பல பத்தாண்டுகள் இழுத்தடித்தார்கள். கடைசியில் வட்டியோடு குவிந்து கிடந்த பணத்தில் தர்மத்துக்குப் போக மிஞ்சியதை வைத்து 1842-ல் பள்ளிக்கூடம் திறந்தார்கள். சாமிக்கு என்று வைத்த காசு இங்கிலீஷ் படிக்கப் போனது. அந்த வகையில் உருப்படியான வழக்கு.

கூட்டுச் சொத்தில் தன் பங்கை உயிலில் எழுதும் உரிமை 1956-ல்தான் வந்தது. கட்டிலருகே கஞ்சியோடு நின்ற மகளுக்கு அப்போதும் பிறப்புரிமை இல்லை. தமிழ்நாட்டில் அது 1989-ல் கிடைத்தது. அதற்கு முன்பே கல்யாணம் முடிந்திருந்தவர்கள் 2005 வரை காத்திருந்தார்கள்.