எண்ணத் தெரியாத நாடா இது?

தேர்தல் நெருங்கினால் அம்பத்தூர் தொழிற்பேட்டைக்கு மவுசு வந்துவிடும். ஷிப்டு விடுகிற நேரம் பார்த்து, டேப்லெட்டும் கையுமாகக் கணிப்புக்காரர்கள் நிற்பார்கள். "அண்ணே, சூரியனா, இலையா, தாமரையா?" வயசு கேட்பார்கள், சாதி கேட்பார்கள். "உங்க கம்பெனியில சங்கம் இருக்கா?" என்று கேட்க மட்டும் வாய் வராது.

அரசாங்கம் மட்டும் கேட்டுக் கிழித்ததா? மத்தியத் தொழிற்சங்கங்களின் உறுப்பினர் பலத்தை டில்லி கடைசியாகச் சரிபார்த்து முடித்தது 2002 டிசம்பர் 31 நிலவரத்துக்கு. முடிவு வெளிவந்தது 2008-இல். இரண்டரைக் கோடிப் பேரை எண்ண ஐந்து வருஷத்துக்கு மேல்! இதே நாடுதான் 2024-இல் 64 கோடி ஓட்டுகளை ஒரே நாளில் எண்ணித் தள்ளியது.

யாரும் எண்ணவில்லையே என்று ஆவடிப் படைக்கலத் தொழிலாளர்கள் சும்மா இருக்கவில்லை. படைக்கலத் தொழிற்சாலைகளைக் கம்பெனி ஆக்கப்போகிறோம் என்று 2020 மே மாதம் டில்லி அறிவித்தது. டாங்கி செய்கிறவர்களும் சிப்பாய்க்குச் சட்டை தைக்கிறவர்களும் ஜூனில் நாடு தழுவிய வாக்கெடுப்பில் ஓட்டுப் போட்டார்கள். இடதுசாரி, காங்கிரஸ் சம்மேளனங்களோடு ஆர்எஸ்எஸ் வழிவந்த சம்மேளனமும் கைகோத்தது. வேலைநிறுத்தத்துக்கு ஆதரவு 99 விழுக்காட்டுக்கும் மேல் என்று அறிவித்தார்கள். இதைவிடச் சுத்தமான கணிப்பு எங்கே கிடைக்கும்?

டில்லியும் மதித்துப் பதில் தந்தது: 2021 ஜூன் 30-இல் ஓர் அவசரச் சட்டம். வேலைநிறுத்தம் செய்தால் ஓராண்டு சிறை அல்லது பத்தாயிரம் ரூபாய் அபராதம், ஆசை இருந்தால் இரண்டும். தூண்டிவிட்டவருக்கு இரண்டாண்டு. அக்டோபர் 1-இல் 41 தொழிற்சாலைகளும் ஏழு கம்பெனிகளாயின. அதில் ஒன்றுக்குத் தலைமையகம் ஆவடியிலேயே!

சென்னைக் கோட்டையில் மட்டும் என்ன வாழ்ந்தது? 2023 ஏப்ரல் 21-இல் 12 மணி நேர வேலைக்கு மசோதா. கூட்டணிக் கட்சிகளே வெளிநடப்பு. மே தினத்தன்று வாபஸ், அதற்கும் கைதட்டல். பிள்ளையைக் கிள்ளிய கைக்குத் தொட்டிலாட்டிய புகழ் வேறு.

2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலுறவுச் சட்டத் தொகுப்பு. பல சங்கங்கள் இருக்கும் இடத்தில், மஸ்டர் ரோல் என்கிற தொழிலாளர் பதிவேட்டில் உள்ளவர்களில் 51 விழுக்காடு காட்டும் சங்கம்தான் தனித்துப் பேரம் பேசலாமாம். அந்த ரோலை எழுதுகிற பேனா யார் கையில்? பக்கத்து மெஷினில் அதே வேலையைச் செய்யும் காண்ட்ராக்ட் தொழிலாளியின் பெயர் அதில் வருமா? எம்எல்ஏவைத் தேர்ந்தெடுக்கத் தகுதியான விரல், சங்கத்தைத் தேர்ந்தெடுக்கத் தகுதியில்லையா?

கணிப்புக்காரர்களே, மந்திரிகளே, ஓட்டுப்பெட்டியைக் கம்பெனி கேட்டுக்கு உள்ளே கொண்டுவாருங்கள். ரகசிய வாக்கெடுப்பு நடத்துங்கள். காண்ட்ராக்ட்காரருக்கும் ஒரு சீட்டு கொடுங்கள்.