குலைநோய்ப் பூஞ்சையும் குள்ளநரியும்: ஓர் ஒப்பாய்வு

நெல்லைத் தாக்கும் குலைநோய்ப் பூஞ்சையையும், வங்கா நரி எனப்படும் குள்ளநரியையும் ஒப்பிடத் தேவையே இல்லை என்று சிலர் கருதுவர். ஆய்வுத் தலைப்புக்குத் தேவை ஒரு தகுதியாகக் கேட்கப்படுவதில்லை என்பதை முதற்கண் பணிவுடன் சுட்டுகிறோம்.

1. வால்: நரிக்கு உண்டு, நுனி கறுப்பு. பூஞ்சைக்கு இல்லை.

2. உணவு: நரி கறையான், எலி, நண்டு, இலந்தைப்பழம் எனக் கிடைத்ததைத் தின்னும். பூஞ்சைக்கு நெல், யூரியாவை அள்ளிக் கொட்டிய நெல் என்றால் விருந்து.

3. துளையிடல்: நரி நகத்தால் வளை தோண்டும். பூஞ்சையோ பனி ஈரத்தில் இலைமேல் ஒட்டிக்கொண்டு, கார் டயரைப் போல் சுமார் 40 மடங்கு அழுத்தம் ஏற்றிக் குத்தி உள்ளே போகும். (டயர் பற்றிய சான்று: பஞ்சர் கடை, வாய்மொழி.)

4. முகம்: சேலம் மாவட்டம் வாழப்பாடிப் பக்கத்தில் பொங்கலை ஒட்டி வங்கா நரியைப் பிடித்துவந்து அதன் முகத்தில் விழிப்பது வழக்கம், வனத்துறை அபராதம் போடுவதும் வழக்கம். குலைநோய் கண்ட இலையில் சாம்பல் நடுவும் பழுப்பு விளிம்புமாகக் கண் வடிவப் புள்ளிகள். ஆக, நரி முகத்தில் நாம் விழிக்கிறோம். பூஞ்சை நம் முகத்தில் விழிக்கிறது. (காண்க: டீக்கடை பெஞ்சு, காலைப் பதிப்பு, இரண்டாம் டம்ளர், இடமிருந்து மூன்றாமவர் கூற்று, அதற்கு நான்காமவரின் மறுப்பு, மறுப்பின்மீது கடைக்காரர் பாய்லரைத் தட்டி வழங்கிய இறுதித் திருத்தம்.)

5. பெயர்: ஆய்வின் உயிர்நிலை இதுவே. தமிழில் ஊளையிடும் ஜாக்கலும் நரி, ஃபாக்ஸும் நரி. காக்கையிடம் வடை பறித்தது இவற்றுள் எது என்று தீர்க்காமலே தலைமுறைகள் நீதி கற்றுவிட்டன. பூஞ்சை உலகில் இது தலைகீழ். உயிர் ஒன்று, பாலினப் பருவத்துக்கு மேக்னபோர்த்தே, பாலிலாப் பருவத்துக்குப் பைரிகுலேரியா எனப் பெயர் இரண்டு. 2002இல், நெல்லைத் தின்பது கிரீசியா என்னும் இனம் அல்ல, ஒரைசே என்னும் இனம் என்று பிரித்தார்கள். 2011இல் மெல்பர்னில் கூடிய தாவரவியலாளர்கள், ஒரு பூஞ்சைக்கு ஒரு பெயரே என்று முடிவெடுத்தார்கள். எந்தப் பெயர் என்பதற்குத் தனியே வாதம் நடந்தது. பூஞ்சை இதற்கெல்லாம் காத்திருக்கவில்லை. கதிரின் கழுத்தைப் பிடித்துவிட்டது.

6. முடிவு: இவ்வளவையும் பக்கத்து வயல்காரரிடம் வரப்பில் நின்று விளக்கினோம். "நரி இடம் போனா என்ன, வலம் போனா என்ன தம்பி, மேல விழுந்து புடுங்காம இருந்தா சரி. குலைநோய்க்கு ட்ரைசைக்ளசோல் மருந்து அடிக்கணுமா, சூடோமோனாஸ் போதுமா? அதச் சொல்லுங்க" என்றார்.

இக்கேள்வி எம் ஆய்வெல்லைக்கு அப்பாற்பட்டது.