மூக்கில் ஈயம்: முன்பாரம் குறித்த ஒரு விசாரணை

ரேடியோ கன்ட்ரோல் விமானத்தைக் கிட் வாங்கிக் கட்டுகிறவர்களிடம் அறிஞர் உலகம் கண்டுகொள்ளாத ஒரு முரண் உண்டு. இலவமரத்துக்கு உறவான பால்சாவை ஈக்வடாரிலிருந்து வந்த விலைக்கு வாங்கி, ஒவ்வொரு ரிப்பையும் உப்புத்தாளால் தேய்த்து கிராம் கிராமாக இளைக்க வைப்பார்கள். மாதக்கணக்கில் நடக்கும் இந்தத் தவம் முடிந்ததும், தூண்டில் கடையில் ஈயக்குண்டு வாங்கி மூக்குக்குள் ஒட்டுவார்கள். கட்டியவரின் கைத்திறக்குறைவு என்று இதை எண்ணுவது பாமரர் பார்வை. அந்த விமானத்திலேயே அசலுக்கு அதிக விசுவாசமாக இருப்பது ஈயம்தான் என்பது இக்கட்டுரையின் துணிபு.

சான்றுக்கு பைப்பர் ஜே-3 கப். 1938 முதல் 1947 வரை ஏறத்தாழ 20,000 என்ற கணக்கில் அமெரிக்காவில் தயாரான மஞ்சள் விமானம். இறக்கை 35 அடி 3 அங்குலம். ஆறில் ஒரு பங்கு மாடலில் ஆறடிக்கு ஒன்றரை அங்குலம் குறைவு. நீளம், அகலம், உயரம் மூன்றும் ஆறில் ஒன்றானால் எடை 216-இல் ஒன்றாக வேண்டும். அசலின் கான்டினென்டல் ஏ-65 எஞ்சின் சுமார் 77 கிலோ. வகுத்தால் 356 கிராம். மாடலில் பூட்டும் பிரஷ்லெஸ் மோட்டாரோ 150 கிராம் தேறினால் அதிகம். பிராப்பைச் சுழற்றுவதில் அது குறை வைப்பதில்லை. கனமாக இருக்கும் கடமையில்தான் தவறுகிறது. அந்த இருநூறு கிராம் பாக்கியைத்தான் ஈயம் அடைக்கிறது.

பேட்டரியை முன்னால் தள்ளினால் போதாதா என்பார்கள். அசல் கப்பில் எஞ்சினுக்கும் விமானிக்கும் நடுவே 12 கேலன் பெட்ரோல் தொட்டி உண்டு. (அதன் அளவுகாட்டி, மூடித் துளையில் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு கம்பியும் அடியில் ஒரு தக்கையும்; இதைவிட நேர்மையான கருவியை இன்னும் யாரும் செய்யவில்லை.) அந்தப் பெட்ரோலை 216-ஆல் வகுத்தால் 150 கிராம், 11.1 வோல்ட் லிப்போ பேட்டரியின் எடையும் ஏறக்குறைய அவ்வளவே. ஆகவே பேட்டரி பெட்ரோலின் வாரிசு. எஞ்சின் சொத்தில் அதற்குப் பங்கில்லை. இதைவிட வலுவான தடை ஒன்று உண்டு: தனியாக ஓட்டும் கப் விமானி சமநிலைக்காகப் பின்னிருக்கையில் உட்காருவார், மாடலின் விமானியோ தரையில் நிற்கிறார், ஆகவே பின்பாரம் குறைந்திருக்க வேண்டுமே? உண்மைதான். ஆனால் அந்த இருக்கை சமநிலைப் புள்ளிக்குப் பக்கத்தில், எஞ்சினோ தூரத்தில். மாட்டுவண்டியில் பாரம் ஏற்றியவருக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். வாலில் சிந்திய ஒரு கிராம் பசைக்கு மூக்கில் இரண்டு மூன்று கிராம் வட்டி கட்டுவதும் இதே விதிப்படிதான்.

ஈயம் போதுமா என்று அறிய, இரண்டு ஆள்காட்டி விரல்களை இறக்கையின் அடியில், முன்விளிம்பிலிருந்து மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று முன்னால் கொடுத்துத் தூக்கிப் பார்ப்பார்கள். மூக்கு லேசாகத் தணிந்தால் சரி. வால் தணிந்தால் இன்னொரு குண்டு. பிறகு அசல் எஞ்சினைப் போல இருபுறமும் பிளாஸ்டிக் சிலிண்டர்களை ஒட்டி, ஈயத்தை மூடிவிடுகிறார்கள். இவ்வாய்வின்படி வெளியே தெரிய வேண்டியது ஈயம். ஒளித்துவைக்க வேண்டியது பிளாஸ்டிக்.