மன்னருக்குப் பதிலாக நான்

கண்டியின் கடைசி மன்னர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் வெள்ளைக்காரர்களிடம் பிடிபட்டது 1815-ல். அடுத்த ஆண்டு அவரைக் குடும்பத்தோடு கப்பலேற்றி எங்கள் வேலூருக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். காவலில் இருந்தபடியே 1832-ல் காலமானார். பாலாற்றங்கரையில் அவருக்கு முத்து மண்டபம் இருக்கிறது. அங்கிருந்து நடந்துபோகும் தூரத்தில் என் வீடு இருக்கிறது. இந்த ஒரு தகுதியை நம்பித்தான் கண்டி இலக்கிய அன்பர்கள் சிலர் என்னைப் பேசக் கூப்பிட்டார்கள்.

“உங்களையா?” என்றாள் மனைவி. வரலாறு, இலக்கியம், பேச்சுக்கலை மூன்றிலும் எனக்குள்ள புலமைக்கு அதைவிடச் சுருக்கமான மதிப்புரை கிடையாது.

எங்கள் வீட்டில் இரண்டாவது காபி மனுப்போட்டு வாங்க வேண்டிய பொருள். கண்டியில் என்னைத் தங்கவைத்த வீட்டிலோ, கண்ணைத் திறந்தால் பிளேன்டி வந்தது. மூடினால், “சேர் களைச்சுப் போயிட்டாரு” என்று இன்னொன்று வந்தது. கூடவே கடித்துக்கொள்ள ஒரு துண்டு கித்துள் கருப்பட்டி. எனக்குச் சர்க்கரை நோய் என்று சொல்லிப் பார்த்தேன். அந்த வீட்டு அக்கா அசரவில்லை. “அப்ப சீனிதான் ஆகாது சேர். இது கித்துள்தானே, ஒண்ணும் செய்யாது” என்று இன்னும் பெரிய துண்டாக எடுத்து வைத்தார். எங்கள் டாக்டரிடம் இந்த வாதத்தைச் சொல்லிப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

காலையில் இடியப்பம், சொதி, தேங்காய்ச் சம்பல். சாப்பிட்டுக் கை கழுவும்போதே மதியத்துக்கு என்ன பிடிக்கும் என்று கேட்டார்கள். “எதுவானாலும் சரி” என்றேன் பெருந்தன்மையாக. அதை “எல்லாமும்” என்று எடுத்துக்கொண்டார்கள். பலாப்பிஞ்சுக் கறியைத் தாண்டி, எருமைத் தயிரில் கித்துள் பாணி ஊற்றிய கிண்ணத்துக்கு நான் வந்துசேரும்போது வெளியே வெயில் தாழ்ந்திருந்தது. பழக்கதோஷத்தில் தட்டைக் கழுவ எழுந்தேன். அந்த வீட்டு அண்ணன் பிடுங்கிக்கொண்டார். அக்கா அவரிடமிருந்து பிடுங்கிக்கொண்டார். நான் மட்டும் சும்மா நின்றேன். முப்பது வருட இல்லறத்தில் அப்படி நின்றதாக ஞாபகம் இல்லை.

அண்ணனின் பாட்டனார் காலத்துக்கும் முந்திய கதை ஒன்றைப் பேச்சுவாக்கில் சொன்னார்கள். முன்னோர் திருச்சிப் பக்கத்துக்காரர்கள். கடல் தாண்டி, மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே நடந்து மாத்தளை வந்து, கோப்பித் தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். அந்தப் பாதையில் காய்ச்சலில் விழுந்தவர்கள் ஏராளம். அவர்களை உட்காரவைத்துத் தேத்தண்ணி கொடுத்தவர் யாருமில்லை. அதைக் கேட்ட பிறகு அடுத்த கோப்பையை வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மறுநாள் பேராதனைத் தாவரவியல் பூங்கா. அங்கே விருந்தாளிகளை மரம் நடச் சொல்வது வழக்கம். பின்னாளில் ஐந்தாம் ஜார்ஜ் ஆன இளவரசரும் மேரியும் 1901-ல் நட்ட நாகலிங்க மரம் இன்னும் காய்த்துக் குலுங்குகிறது. விண்வெளிக்குப் போய்த் திரும்பிய ககாரினும் 1961-ல் ஒன்று நட்டிருக்கிறார். கன்று எதுவும் என் பக்கம் வருகிறதா என்று கொஞ்சம் மெதுவாகவே நடந்தேன். வந்தது ஐஸ்கிரீம்.

கண்டிக்கு வந்த பேச்சாளர்களில் விவேகானந்தர்தான் விவரமானவர். 1897 ஜனவரியில் மேளதாளத்தோடு வரவேற்றார்கள். சுருக்கமாகப் பதில் சொன்னார். ஊரைச் சுற்றிப் பார்த்தார். சில மணி நேரத்தில் மாத்தளைக்குக் கிளம்பிவிட்டார். தம்புள்ளைக்கு அப்பால் அவருடைய வண்டிச் சக்கரம் உடைந்துபோனதாகப் படித்திருக்கிறேன். ஏற்றிவிட்ட பலகாரப் பொட்டலங்களின் கனம்தான் காரணம் என்பது என் கட்சி. ஆதாரம் என் பெட்டி. தேயிலை, தொதல், ஒரு போத்தல் பாணி என்று அடைத்ததில் அதன் சக்கரமும் கழன்றுவிட்டது.

கூட்டத்தில் என்னை “வரலாற்றறிஞர்” என்று அறிமுகம் செய்தார்கள். நான் திரும்பிப் பின்னால் பார்த்தேன், சுவர்தான் இருந்தது. பேசி முடித்ததும் ஒரு பெரியவர் எழுந்து, “முத்து மண்டபத்துக்கு நீங்க கடைசியா எப்ப போனீங்க?” என்று பணிவாகக் கேட்டார். பக்கத்தில் இருக்கிற இடத்துக்கு யார் போகிறார்கள்? “மன்னரை நெஞ்சில் சுமப்பவர்களுக்கு மண்டபம் எதற்கு ஐயா?” என்றேன். பலத்த கைதட்டல். அந்தக் கைதட்டலின் மப்பில்தான், “வேலூர் வந்தால் நீங்கள் எல்லாரும் என் வீட்டில்தான் தங்க வேண்டும்” என்று ஒலிபெருக்கியில் அறிவித்தேன்.

ஊர் திரும்பித் தொதலை எல்லாருக்கும் பங்கிட்டு முடிப்பதற்குள் அக்காவிடமிருந்து குரல் செய்தி வந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் ஒரு செக்கப், அப்படியே தங்கக் கோயில், முத்து மண்டபம். மனைவி அதை ஒலிபெருக்கியில் போட்டு இரண்டு தடவை கேட்டாள்.

“சேர், நீங்க சிரமப்பட வேணாம். நாங்க நிறையப் பேர் இல்ல. சென்னையில ஒரே ஒரு வேன்தான் பிடிக்கிறோம்.”