முருகனுக்கு வாரண்ட்

நாடகம் போட்டு நாட்டைத் திருத்த முடியுமா என்று ஒரு நாடகக்காரரிடம் கேட்டுப் பாருங்கள். அன்றைய வசூலைச் சொல்லிப் பெருமூச்சு விடுவார். முடியும், அதுவும் ஒரே ராத்திரியில் முடியும் என்று துளி சந்தேகமில்லாமல் நம்பியவர்கள் போலீஸ்காரர்கள். இந்தியாவில் நாடகக் கலைக்கு அவர்கள் அளவுக்கு மரியாதை கொடுத்த ரசிகர்கள் கிடையாது.

1875இல் வங்காள நாடகக் குழு ஒன்று லக்னோவுக்குப் போய் 'நீல் தர்பண்' போட்டது. தீனபந்து மித்ரா எழுதியது. அவுரி பயிரிடச் சொல்லி வெள்ளைக்காரத் தோட்டக்காரர்கள் குடியானவர்களைப் படுத்திய பாடுதான் கதை. ஒரு பெண்ணிடம் வம்பு செய்யும் துரையைக் குடியானவன் ஒருவன் பிடித்து மொத்துகிற கட்டம் வந்தது. பார்த்துக்கொண்டிருந்த நிஜத் துரைமார்களுக்கு ரத்தம் கொதித்து, வாளை உருவிக்கொண்டு மேடையை நோக்கிப் பாய்ந்துவிட்டார்கள். அந்தக் குழுவில் சிறுமியாக இருந்த பினோதினி தாசி பிற்பாடு தன் சுயசரிதையில் இதை எழுதியிருக்கிறார். அடி வாங்கியது துரை வேஷம் கட்டிய வங்காளிதான், துரைக்கு ஒன்றும் ஆகவில்லை என்று யாராவது எடுத்துச் சொல்லியிருந்தால் ஒரு நல்ல காட்சி பாதியில் நின்றிருக்காது.

அந்த வருடக் கடைசியில் வேல்ஸ் இளவரசர் கல்கத்தாவுக்கு வந்து சேர்ந்தார். ஜகதானந்த முகர்ஜி என்ற பெரிய வக்கீலுக்கு ராஜபக்தி தலைக்கேறியது. இளவரசரைத் தன் வீட்டு அந்தப்புரத்துக்கே அழைத்துப் போய், வீட்டுப் பெண்களைக் கொண்டு வரவேற்பு கொடுத்தார். அண்டை வீட்டு ஆண்களுக்கே அனுமதி இல்லாத இடம் அது. ஊர் கைகொட்டிச் சிரித்தது. கிரேட் நேஷனல் தியேட்டரை நடத்திய உபேந்திரநாத் தாஸ் சும்மா இருப்பாரா? ஜகதானந்தர் மேடையில் கஜதானந்தர் ஆனார். 1876 பிப்ரவரியில் 'கஜதானந்தனும் இளவரசரும்' அரங்கேறியது.

போலீஸ் தடை போட்டது. உபேந்திரநாத் பணிவாகத் தலையாட்டிவிட்டு, அதே சரக்கை 'ஹனுமான் சரித்திரம்' என்று பெயர் மாற்றிப் போட்டார். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்போமே, அது இதுதான்: யானைக்குத் தடை போட்டார்கள், குரங்கு வந்து நின்றது. குரங்குக்கும் தடை வந்தது. சரி, இனி இளவரசர் வேண்டாம், வக்கீல் வேண்டாம், போலீஸையே போட்டுவிடுவோம் என்று முடிவாயிற்று. அப்போது கல்கத்தா போலீஸ் கமிஷனரின் பெயர் ஹாக், சூப்பரின்டென்டென்டின் பெயர் லாம்ப். ஆங்கிலத்தில் ஒன்று பன்றி, இன்னொன்று ஆட்டுக்குட்டி. இந்தப் பொருத்தத்தைச் செய்து கொடுத்தது உபேந்திரநாத் அல்ல, சாட்சாத் பிரம்மதேவன். 'பன்றி, ஆடு போலீஸ்' என்ற பொருளில் ஆங்கிலத் தலைப்போடு அடுத்த நையாண்டி தயாரானது.

வைஸ்ராய் நார்த்புரூக் பிரபு இதற்குமேல் பொறுக்கவில்லை. நான்கு வருடத்துக்கு ஒருமுறை தலைகாட்டும் பிப்ரவரி 29ஆம் தேதி பார்த்து அவசரச் சட்டம் போட்டார். மார்ச் 4ஆம் தேதி போலீஸ் தியேட்டருக்குள் புகுந்து உபேந்திரநாத்தையும் நடிகர் அம்ரித்லால் போஸையும் பிடித்துக்கொண்டு போனது. அன்று மேடையில் இருந்தது வேறு நாடகம். வழக்கு அதற்கு முன்னால் போட்ட இன்னொரு நாடகத்தின் மேல். சொன்ன குற்றம் ஆபாசம். நிஜக் கோபம் பன்றியும் ஆடும். அதைக் கோர்ட்டில் சொன்னால் ஜட்ஜும் சிரித்துவிடுவாரே. ஒரு மாதச் சிறை விதித்தார்கள்; அப்பீலில் ஹைகோர்ட் விடுதலை செய்துவிட்டது.

கோர்ட் கைவிட்டால் என்ன, சட்டம் நம் கையில்தானே இருக்கிறது? அந்த வருடம் முடிவதற்குள் நாடக நிகழ்ச்சிகள் சட்டம் 1876 வந்துவிட்டது. அரசின்மேல் வெறுப்பைக் கிளப்பும் நாடகத்தைத் தடை செய்யலாம், மீறினால் மூன்று மாதம் உள்ளே தள்ளலாம், நடிகர்களோடு சீன் படுதாக்களையும் உடுப்புகளையும் சேர்த்து அள்ளிக்கொண்டு போகலாம். சட்டம் எழுதியவர் விவரமானவர். சமயத் திருவிழாக்களில் நடக்கும் ஜாத்ரா, அதைப் போன்ற கூத்து இவற்றுக்கு மட்டும் விலக்கு கொடுத்தார். சாமி கதையில் என்ன அரசியல் வந்துவிடப் போகிறது?

தெற்கே சாமியே அரசியலுக்கு வந்துவிட்டார்.

சிவகாசியில் பிறந்த விஸ்வநாததாஸ் ஸ்பெஷல் நாடக மேடையின் முருகன். நாவிதர் குலத்தில் பிறந்தவர் என்று அவரோடு ஜோடி சேர மறுத்த நடிகைகள் உண்டு. வள்ளியே முருகனிடம் சாதி கேட்ட கதை கந்தபுராணத்தில் இல்லாதது, நம்மவர்கள் சேர்த்தது. கட்டணம் கொடுத்து வந்த ஜனங்கள் அதையெல்லாம் கேட்கவில்லை, பாட்டைக் கேட்டார்கள்.

பாட்டில்தான் விஷயம். 'வள்ளி திருமணம்' நாடகத்தில் வள்ளி தினைப்புனம் காப்பவள். பரண்மேல் நின்று பறவை ஓட்டுவது அவள் உத்தியோகம். அங்கே ஒரு கொக்கு வருகிறது. கொக்கு வெள்ளை என்பது இயற்கை. வெள்ளைக் கொக்கு ஊரான் வயலில் இறங்கி மேய்கிறது என்பதும் இயற்கை. அதை விரட்ட வேண்டும் என்பது விவசாயம். மதுரகவி பாஸ்கரதாஸ் எழுதிக் கொடுத்த பாட்டை விஸ்வநாததாஸ் எடுத்ததும் கொட்டகையே கூரை பிய்ந்து போகிற மாதிரி கூச்சல் போடும், ஒன்ஸ்மோர் கேட்கும். ஓரத்தில் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருக்கும் சப்-இன்ஸ்பெக்டரின் பாடுதான் திண்டாட்டம். கொக்கு என்றால் யார் என்று ரிப்போர்ட்டில் எழுத வேண்டும். துரையவர்களைத்தான் சொல்கிறான் என்று தன் கையாலேயே எழுதி, அதைத் துரையவர்களிடமே கொண்டுபோய் நீட்ட வேண்டும். ராஜத்துரோகம் எது, கடமை எது என்று பிரித்துப் பார்ப்பது கஷ்டம்.

கொக்குக்கு வழக்கு வந்தது. தாஸ் பலமுறை சிறை போனார். அவருக்காக ஒருமுறை கோர்ட்டில் வாதாடியவர் வ.உ.சி. கைது செய்ய மேடைக்கே வந்த அதிகாரியிடம், "வாரண்ட் விஸ்வநாததாஸ் பேருக்கு, இப்போது நிற்பது முருகன். வேஷம் கலைத்த பிறகு வாரும்" என்கிற மாதிரி பதில் சொன்னார் என்று ஒரு கதை உண்டு. அதிகாரி முருக பக்தராக இருந்திருந்தால் அன்று ராத்திரி அவர் தூக்கம் என்ன ஆகியிருக்கும்! 1940 டிசம்பர் 31 அன்று சென்னையில் மயில் வாகனத்தில் உட்கார்ந்து பாடிக்கொண்டிருந்தபோதே தாஸின் உயிர் பிரிந்தது. அந்த வாரண்டை மட்டும் எந்தத் துரையாலும் கொடுக்க முடியவில்லை.

பிறகு சுதந்திரம் வந்தது. கொக்கு பறந்துவிட்டது, சட்டம் பறக்கவில்லை. நடிகர் எம்.ஆர். ராதா 1954இல் தன் பாணியில் ராமாயணம் போட்டார். மனம் புண்படும் என்று நினைப்பவர்கள் தயவுசெய்து வர வேண்டாம் என்று அவரே விளம்பரமும் கொடுத்தார். புண்படவென்றே டிக்கெட் வாங்கிக்கொண்டு வந்தார்கள். ராமர் வேஷத்தோடேயே அவர் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போன கதையும் உண்டு. வெள்ளைக்காரன் முருகனைப் பிடித்தான். நம் ஆட்சி ராமனைப் பிடித்தது. எந்த மதத்துக்காக இந்தக் கைது என்று கேட்டால் சட்டப் புத்தகத்திலும் பதில் இருக்காது.

அதே 1954இல் சென்னை சட்டசபை தனக்கென்றே ஒரு நாடகச் சட்டம் போட்டது. வசனத்தை முன்கூட்டியே எழுதிக் கொடுத்து அனுமதி வாங்க வேண்டும் என்றார்கள். யாரிடம்? அன்றைய பேப்பரில் என்ன வந்ததோ அதை மேடையில் வாய்க்கு வந்தபடி பிய்த்து உதறுவதையே தொழிலாக வைத்திருந்த ராதாவிடம்! நாளைக்கு வரப்போகிற பேப்பரை இன்றைக்கே எழுதிக் கொடு என்பதும் இதுவும் ஒன்றுதான். தடை வந்தால் அவரும் கல்கத்தாக்காரர் செய்ததையே செய்தார்: பெயரை மாற்றினார், திரையைத் தூக்கினார்.

2013இல் பரீக்‌ஷா நாடகக் குழுவின் ஞாநி தொடுத்த வழக்கில் நீதிபதி சந்துரு இந்த 1954 சட்டத்தின் பல்லைப் பிடுங்கினார். 1876 சட்டம் 2018 தொடக்கத்தில் பழைய சாமான்களோடு சேர்ந்து எடைக்குப் போனது. மேடையில் யாரும் அதைப் பற்றி ஒரு பாட்டுக்கூடக் கட்டவில்லை. வைஸ்ராய் பயந்தார், சட்டசபை பயந்தது. அந்தப் பயம் இருந்தவரை நாடகக்காரனுக்குப் பெரிய மனுஷன் என்ற பட்டம் இருந்தது. இன்று ஒரு குழு நாடகம் போட்டால் முதல் வரிசையில் சொந்தக்காரர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒரு சப்-இன்ஸ்பெக்டரைக்கூடக் காணோம்.