புத்தகக் கட்டும் மணைப்பலகையும்

கேள்வி: வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை. கழுத்தும் முதுகும் போச்சு. விலை உயர்ந்த நாற்காலி வாங்கித்தான் ஆகணுமா?
- வாசகி, குடிகாடு, கடலூர்

பதில்: அவசரமில்லை. முதலில் லேப்டாப்பைப் புத்தகக் கட்டின் மேல் ஏற்றுங்கள். திரையின் மேல்விளிம்பு கண்மட்டத்துக்கு வரட்டும். அந்தக் காலத்துக் கணக்குப்பிள்ளைகள் தரையில் உட்கார்ந்தாலும், சாய்வு மேசை பேரேட்டைக் கண்ணருகே தூக்கிக் கொடுத்தது. லேப்டாப் மேலே ஏறிவிட்டதால் தனி கீபோர்டு கட்டாயம்; தோள் தளர்ந்து, முழங்கை 90 டிகிரியில் மடங்கணும். கால் தரையில் படலையா? மணைப்பலகையைப் போடுங்கள், கல்யாணத்துக்கு மட்டுமா அது? இடுப்புக்குப் பின்னால் சுருட்டிய துண்டு. அரைமணிக்கொரு தரம் எழுந்து நடங்கள். சிப்காட் தொழிற்பேட்டை உங்கள் பக்கத்திலேயே இருந்தாலும் முதுகெலும்புக்கு உதிரிபாகம் கிடைக்காது! கை மரத்துப்போனால் மட்டும் தள்ளிப்போடாமல் கடலூர் அரசு மருத்துவமனையில் காட்டிவிடுங்கள்.