பேஸ்மட்டப் புராணம்

திருநெல்வேலிச் சீமையில் சர்க்கார் ஒரு காரியம் செய்ததாகக் கல் நட்டிருந்தால் நாம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, துட்டு யார் குடுத்தா என்பது. பதில் கல்லில் இருக்காது. கல்லில் யார் திறந்து வைத்தார், யார் முன்னிலை வகித்தார் என்றுதான் இருக்கும். முன்னிலை வகிக்க யாருக்கும் செலவு கிடையாது.

உள்ளாட்சி வரலாறு என்றதும் எல்லாரும் உத்திரமேரூருக்கு பஸ் ஏறிவிடுகிறார்கள். நமக்கு அவ்வளவு தூரம் வேண்டாம். சங்கரன்கோவில் ரோட்டில் மானூர் இருக்கிறது. அங்கே மாறஞ்சடையன் காலத்துக் கல்வெட்டு ஒன்று, உத்திரமேரூருக்கு நூறு வருஷத்துக்கு மேல் மூத்தது. ஊர்ச் சபையில் யார் உட்காரலாம், எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று அதில் விதி எழுதி வைத்திருக்கிறார்கள். எந்தக் காரியம் வந்தாலும் கூடாது, கூடாது என்று மறித்துக்கொண்டே இருப்பவருக்கு 5 காசு தண்டம். அவருக்கு ஒத்து ஊதுகிறவருக்கும் அதே 5 காசு. இந்த விதியை மட்டும் இன்றைய மாமன்றக் கூட்டங்களுக்குக் கொண்டுவந்தால் வீட்டு வரியே வசூலிக்க வேண்டாம். தண்டத் தொகையில் நாலு தெருவுக்கு வீடு கட்டிக் கொடுத்துவிடலாம். ஆனால் மானூர்ச் சபையில் ஏழைக்கு வீடு கட்டும் பேச்சே வந்திருக்காது. ஊரில் நிலப் பங்கு இருப்பவருக்குத்தான் சபையில் இடம். குடிசையில் இருப்பவன் உள்ளே வந்தால்தானே குடிசையைப் பற்றிப் பேச?

அப்புறம் ஆயிரம் வருஷத்தை ஒரே தாண்டாகத் தாண்டினால் வண்ணார்பேட்டை. 1840 வாக்கில் இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் நடுவே தாமிரபரணி, அதில் ஓடம். வெள்ளம் வந்தால் ஓடமும் இல்லை. வரி வசூலிக்க ஏழு கடல் தாண்டி வந்த கம்பெனிக்கு ஒரு ஆற்றைத் தாண்ட வழியில்லை. கலெக்டர் தாம்சன் இருந்தார். பாலத்துக்குப் படம் போட்டுக் கொடுக்க கேப்டன் ஃபேபர் இருந்தார். மதிப்பீடும் தயார்: சுமார் 50,000 ரூபாய். எல்லாம் இருந்தது, துட்டைத் தவிர. கஜானா எங்கே என்று கேட்கக் கூடாது. அது வசூலிப்பதற்காக இருப்பது, செலவழிப்பதற்காக இல்லை.

கலெக்டர் கச்சேரியில் சிரஸ்தாராக இருந்த சுலோசன முதலியார் கடைசியில் தன் சொந்தப் பணத்தைப் போட்டார். வீட்டம்மாளின் நகையும் சேர்ந்து போனதாக ஊரில் இன்றும் சொல்லுவார்கள். 1843-ல் பாலம் நின்றது. உலகத்தில் கச்சேரி உத்தியோகஸ்தர் கையிலிருந்து பணம் வெளியே போன அபூர்வச் சம்பவம் அது. அதனால்தானோ என்னவோ, கொடுத்தவர் பேரே பாலத்துக்கு நிலைத்துவிட்டது. 1869 வெள்ளம் பாலத்தில் ஒரு பகுதியை அடித்துக்கொண்டு போனது, பேரை அசைக்க முடியவில்லை.

இப்படித் தனியார் துட்டில் பொதுக்காரியம் நடப்பதில் சர்க்கார் ருசி கண்ட பூனையாகிவிடவே, கம்பெனிக்குப் பின்னால் வந்த ராணி சர்க்கார் 1865-ல் ஒரு சட்டம் போட்டது. பேர் பட்டண அபிவிருத்திச் சட்டம். மறு வருஷம் திருநெல்வேலிக்கு ஒரு நகராட்சி, பாளையங்கோட்டைக்கு ஒரு நகராட்சி. ஊர்க்காரர் ஊரை ஆளலாம் என்றார்கள். ஆளுகிறதற்குக் கூலியாக, பட்டணத்துப் போலீஸ் செலவில் முக்கால்வாசியை நகராட்சி தலையில் கட்டினார்கள். நம்ம ஊர் உள்ளாட்சி நிதியின் முதல் பாடம் அது: அதிகாரம் கீழே வருவதற்கு முன்னால் பில் வந்து சேர்ந்துவிடும்.

சுதந்திரம் வந்து வெகு நாள் கழித்துத்தான் குடிசைக்காரன் சர்க்கார் கண்ணில் பட்டான். 1961-ல் வீட்டு வசதி வாரியத்துக்குச் சட்டம் வந்தது. அந்த வாரியக் குடியிருப்புகளில் பெரும்பாலும் வாத்தியார்களும் குமாஸ்தாக்களும் மாதத் தவணை கட்டிக் குடியேறினார்கள். மாதத் தவணைக்கு மாதச் சம்பளம் வேண்டும். குடிசைக்காரனுக்கு அந்த வழக்கம் இல்லை. ஆகவே 1970-ல் கருணாநிதி அவனுக்கென்று குடிசை மாற்று வாரியம் தொடங்கினார். 2021-ல் அதற்கு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பேர் வைத்தார்கள். ஐம்பத்தோரு வருஷத்தில் குடிசை முழுக்க மாறியதோ இல்லையோ, போர்டில் இருந்த குடிசை மாறிவிட்டது.

கிராமத்துப் பக்கம் 1985-ல் இந்திரா பேரில் வீடு வந்தது. அதே வீடு 2016-ல் பிரதமர் பேருக்கு மாறியது. நடுவில் 1997-ல் சமத்துவபுரம். தென்மாவட்டச் சாதிக் கலவரங்களில் கையைச் சுட்டுக்கொண்ட சர்க்கார், மதுரைப் பக்கம் மேலக்கோட்டையில் முதல் ஊரைக் கட்டியது. நூறு வீட்டில் 40 ஆதிதிராவிடர், 25 பிற்படுத்தப்பட்டோர், 25 மிகப் பிற்படுத்தப்பட்டோர், 10 மற்றவர். இரண்டாயிரம் வருஷமாகச் சேராத தெருக்களை ஒரு சதவீதக் கணக்கில் சேர்த்துவிட்டார்கள் என்று கேலி பேசலாம். ஆனால் அக்கம்பக்கத்தில் யார் இருக்க வேண்டும் என்பதைச் சாதி சொல்லாமல் அரசாணை சொன்ன இடம் என்று வேறு எதைக் காட்ட முடியும்? இதில் நான் கேலிக்காரர் கட்சி இல்லை.

நிஜமான கூத்து 2010-ல் ஆரம்பித்தது. கலைஞர் வீடு வழங்கும் திட்டம்: 21 லட்சம் குடிசை, ஆறே வருஷம், எல்லாம் கான்கிரீட். வீட்டுக்கு 200 சதுர அடி. மானியம் முதலில் 60,000, அப்புறம் 75,000 ரூபாய். அடுத்த வருஷம் ஆட்சி மாறியது. தமிழ்நாட்டில் ஆட்சி மாறினால் மாடு கறவை நிறுத்துகிற மாதிரி திட்டமும் நின்றுபோகும். அம்மா கொண்டுவந்தது பசுமை வீடு: 300 சதுர அடி, 1.80 லட்சம், அதில் 30,000 சூரிய விளக்குக்கு. வீட்டுக்கு அஞ்சு விளக்கு. பாளையங்கோட்டை வெயிலுக்குத் தட்டுப்பாடு கிடையாது. அதை வீட்டுக்குள் எரிய வைக்கிற யோசனையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. 2024-ல் கலைஞரின் கனவு இல்லம்: 360 சதுர அடி, 3.50 லட்சம், 2030-க்குள் 8 லட்சம் வீடு.

ஆக, ஏழையின் வீடு 14 வருஷத்தில் 160 சதுர அடி வளர்ந்திருக்கிறது. வருஷத்துக்குப் பதினோரு சதுர அடிச் சொச்சம், அதாவது ஒரு ஆள் பாய் விரித்துப் படுக்கக் கொஞ்சம் இறுக்கமான இடம். இந்த வேகம் குறையாமல் இருந்தால் 2080 வாக்கில் ஆயிரம் சதுர அடியைத் தொட்டுவிடலாம்.

மானியம் எப்படிக் கைக்கு வருகிறது என்பதுதான் இந்தப் புராணத்தின் மூலமந்திரம். வீடு கட்ட மானியம் தரமாட்டார்கள், கட்டினதுக்குத்தான் தருவார்கள். பேஸ்மட்டம் எழும்பினால் ஒரு தவணை, லிண்டல் மட்டத்துக்கு ஒன்று, தளம் போட்டால் ஒன்று, பூச்சு முடிந்தால் கடைசி. சிமெண்டும் கம்பியும் ஒன்றியக் கிடங்கில் எடுத்தால் அதைக் கழித்துக்கொண்டு மிச்சம். பேஸ்மட்டத்துக்கு வேண்டிய துட்டு எங்கிருந்து வரும் என்று அரசாணை கேட்பதில்லை. வண்ணார்பேட்டை ரோட்டில் போகும்போது கண்ணில் படுகிற அடகுக்கடை போர்டுகளுக்கு அது தெரியும். சர்க்கார் பாலத்துக்கு அன்றைக்குச் சிரஸ்தார் வீட்டு நகை போனது. சர்க்கார் வீட்டுக்கு இன்றைக்குக் கொத்தனார் வீட்டு நகை போகிறது.

ஒவ்வொரு மட்டத்துக்கும் ஒரு போட்டோ. பிரதமர் திட்டத்துக்கு அதற்கென்றே ஒரு செல்போன் ஆப் உண்டு. எடுத்த இடத்தின் அட்சரேகை தீர்க்கரேகையோடு படம் டெல்லிக்குப் போய்ச் சேரும். டெல்லிக்கு எந்தக் குறையும் வைக்காத நம் மாவட்டக் கிராமங்களில் 2016 அக்டோபரிலிருந்து 2021 அக்டோபர் வரை பஞ்சாயத்துத் தலைவர் மட்டும் இல்லை. தேர்தல் நடக்காததால் ஐந்து வருஷமும் தனி அலுவலர் ராஜ்ஜியம். யாருக்கு வீடு என்று சண்டை போடவாவது ஒரு வார்டு மெம்பர் வேண்டாமா?

கடைசியாகச் சுவர் எழுத்து. வீடு முடிந்ததும் திட்டத்தின் பேர், வருஷம், மதிப்பீடு, பயனாளி பேர் எல்லாம் பெயிண்டில் ஏற வேண்டும். செங்கோட்டை தாண்டிப் போனால் கேரளத்தில் இதற்கே ஒரு தகராறு. அங்கே லைஃப் திட்டத்து வீட்டுக்கு 4 லட்சம் கொடுக்கிறார்கள், அதில் கிராமத்து வீட்டுக்கு டெல்லி பங்கு 72,000. அந்தத் தொகைக்குச் சுவரில் தன் அடையாளம் வேண்டும் என்றது டெல்லி. இது தானம் வாங்கின வீடு என்று நெற்றியில் எழுதி ஒட்டமாட்டோம் என்று கேரள அரசு மறுத்தது. நம்ம பக்கம் அந்த ரோஷமெல்லாம் கிடையாது. பெயிண்டர் வந்தால் காப்பி போட்டுக் கொடுப்போம்.

ஊருக்கு ஊர் நடக்கிற பேச்சுவார்த்தை ஏறத்தாழ இப்படித்தான் இருக்கும்:

“மதிப்பீடு மூணரை லச்சம்னு எழுதுதீயளே சார், எனக்கு ஆறு லச்சத்துக்கு மேல இழுத்துட்டுல்லா?”

“திட்டத்துல உள்ளதத்தான் எழுதணும்க்கா.”

“அப்பம் மிச்சம் யார் குடுத்தான்னு எழுதாண்டாமா? எந்தாலிச் செயினு அடவுல கெடக்கு. எங்க அண்ணன் அம்பதாயிரம் தந்தான். பயனாளின்னு எம்பேரு போட்டிருக்கீயள்லா, அதுக்குக் கீழ ஒரு வரி எழுதிருங்களேன்.”

ஓவர்சியர் சுவரை ஒரு தரம் ஏற இறங்கப் பார்ப்பார். இடம் தாராளமாக இருக்கும்.

“அதுக்கு ஜி.ஓ. வரலியேக்கா. நீங்க கொஞ்சம் கதவுப் பக்கமா வந்து நில்லுங்க, போட்டோல வீடு மறையுது.”